உதவி கேட்டவனும் கேட்காதவனும்: ‘ஹை நூன்’ எதிர் ‘ரியோ பிராவோ’

இரண்டு கௌபாய் படங்களுக்கும் முடிச்சு ஒன்றுதான். ஒருபுறம் ஆள்பலமுள்ள கும்பல், மறுபுறம் நெஞ்சில் காவல் அதிகாரியின் நட்சத்திரச் சின்னம் குத்திய ஒற்றை ஆள், நடுவில் பயந்த ஊர். ஃபிரெட் ஸின்னமன் 1952-இல் ‘ஹை நூன்’ எடுத்தார். அது பிடிக்காமல், அதற்குப் பதிலடியாகவே இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் நடிகர் ஜான் வெய்னும் 1959-இல் ‘ரியோ பிராவோ’வைக் கொண்டுவந்தார்கள். தொழில் தெரிந்த ஷெரிஃப், அதாவது ஊர்க் காவல் அதிகாரி, துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்களிடம் வீடுவீடாகப் போய்க் கையேந்துவானா என்பது ஹாக்ஸின் கேள்வி.

‘ஹை நூன்’ 85 நிமிடம், கறுப்பு வெள்ளை. கதை நடக்கும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. காலை பத்தரை மணிக்குச் சற்றுப் பின் ஊர்க் காவலரான மார்ஷல் வில் கேனுக்கு (கேரி கூப்பர்) கல்யாணம். நண்பகல் ரயிலில் பழைய பகைவன் ஃபிராங்க் மில்லர் வருகிறான். கேன் போகும் பல இடங்களில் சுவர்க் கடிகாரம் கண்ணில் படுகிறது. பன்னிரண்டு நெருங்க நெருங்க அது திரையை அடைத்துக்கொள்கிறது. டிமிட்ரி டியோம்கினின் இசைத் துடிப்புக்கு ஏற்ப, ஊரார் முகங்களையும் ஆளில்லாத நாற்காலியையும் வெட்டி வெட்டிக் காட்டி, ரயில் ஊதலில் முடியும் அந்தக் காட்சித் தொடருக்காகவே படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கொடுத்திருக்கலாம், கொடுத்தார்கள். ஆகவே இதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கக் கூடாது. டீ போட எழுந்தால் படம் செத்தது. டிவியில் இருபக்கமும் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று ஜூம் போட்டுவிடவும் வேண்டாம். ஏறத்தாழச் சதுரமான சட்டத்துக்கு எடுத்த படம், மேலும் கீழும் வெட்டுப்படும். வெறிச்சோடிய தெருவில் கேன் புள்ளியாகச் சிறுக்கும்படி கேமரா மேலேறும் காட்சிக்கு அந்த உயரம் தேவை.

‘ரியோ பிராவோ’ 141 நிமிடம், வண்ணம், அவசரமே கிடையாது. முதல் சில நிமிடங்களில் யாரும் பேசுவதில்லை. குடிகாரன் டியூட் (டீன் மார்ட்டின்) மதுவுக்கு ஏங்கி நிற்க, ஒருவன் காசை எச்சில் கிண்ணத்தில் வீசுகிறான், டியூட் குனிகிறான், ஷெரிஃப் சான்ஸ் (ஜான் வெய்ன்) அந்தக் கிண்ணத்தை எட்டி உதைக்கிறான். அவ்வளவிலேயே இருவர் உறவும் புரிந்துவிடுகிறது. டீன் மார்ட்டினின் கைகளைக் கவனியுங்கள். சிகரெட் சுருட்ட முடியாமல் நடுங்கும் விரல்கள். பேசாமல் சுருட்டிக் கொடுக்கும் வெய்ன். பிறகு, எதிரிகள் வாசிக்கச் செய்யும் ‘டெகுவேயோ’ (யாருக்கும் உயிர்ப்பிச்சை இல்லை என்று மிரட்டும் இசை) காதில் விழ, டியூட் ஊற்றிய விஸ்கியை ஒரு சொட்டும் சிந்தாமல் பாட்டிலுக்கே திருப்புவான். படத்தின் உண்மையான சண்டை அதுதான். கடைசியில் வெடிக்கும் டைனமைட் வெறும் வாணவேடிக்கை.

நடிப்பில் என் வோட்டு கேரி கூப்பருக்கு. படப்பிடிப்பின்போது வயது ஐம்பது, வயிற்றுப்புண் வேறு. அந்த வலி முகத்துக்கு உதவியது. இந்த வேடத்துக்கு அவர் வாங்கிய ஆஸ்கரை, அவர் வராததால் மேடையேறிப் பெற்றுக்கொண்டவர் வெய்ன். இதே படத்தைப் பின்னாளில் அமெரிக்காவுக்கு விரோதமானது என்று திட்டியவரும் அவரே. காரணம் அரசியல். கதாசிரியர் கார்ல் ஃபோர்மன் 1951-இல் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, ஹாலிவுட் கதவடைக்க, இங்கிலாந்துக்குப் போனார்.

‘ரியோ பிராவோ’ முழுக்க அன்றைய டிவி முகங்கள். பாட்டுக்காரப் பையன் ரிக்கி நெல்சன் தன் குடும்பத்தின் தொடரிலேயே வளர்ந்தவர். வார்டு பாண்டு ‘வேகன் ட்ரெயின்’ நாயகர். வில்லன் ஜான் ரஸ்ஸல் அதே சமயம் ‘லாமேன்’ தொடரில் மார்ஷல்! நெல்சனுக்கு நடிப்பு வரவில்லை, ரசிகைகளுக்காகச் சேர்த்தது தெரிகிறது. வெய்னும் ஆஞ்சி டிக்கின்சனும் காதல் பேசும் காட்சிகளில் பத்து நிமிடம் குறைத்திருக்கலாம். ‘ஹை நூன்’ சறுக்குவது கேன் உதவி கேட்கும் தேவாலயக் காட்சியில்: ஆளுக்கொரு கருத்தாக எழுந்து பேசுவது பட்டிமன்றம் போல இருக்கிறது. வில்லன்களிடமும் சரக்கில்லை, வசனமே பேசாத லீ வான் கிளீஃபைத் தவிர. அவருக்கு அதுதான் முதல் படம்.

ஹாக்ஸின் பதில் சரியானதா? முழுதாக இல்லை. கேனுக்கு உதவ வலிய வந்து, பின்வாங்காதவர்கள் ஒற்றைக்கண் குடிகாரன் ஒருவனும் பதினாலு வயதுப் பையன் ஒருவனும். இருவரையும் அவனே திருப்பி அனுப்புகிறான். சான்ஸின் படையோ ஒரு குடிகாரன், ஒரு பொடியன், ஒரு நொண்டிக் கிழவன். கேன் கழித்தவர்களைக் கொண்டே ஹாக்ஸ் ஜெயிக்கிறார். உதவியே வேண்டாம் என்ற சான்ஸை ஆளாளுக்குக் காப்பாற்றுகிறார்கள். கெஞ்சியும் கிடைக்காத கேனை, துப்பாக்கியே கூடாது என்னும் குவேக்கர் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மனைவி ஒருவனை முதுகில் சுட்டுக் காப்பாற்றுகிறாள். இந்த முரணுக்காகவே முதலில் ‘ஹை நூன்’, அடுத்த வாரம் ‘ரியோ பிராவோ’ என்று பாருங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ‘ஹை நூன்’. திரும்பத் திரும்பப் பார்க்க ‘ரியோ பிராவோ’.

கேன் நட்சத்திரத்தைக் காலில் போட்டு மிதித்தான் என்று 1971 பேட்டி ஒன்றில் வெய்ன் குமுறினார். கடைசிக் காட்சியை ஓட்டிப் பாருங்கள். புழுதியில் போடுகிறான், வண்டி ஏறுகிறான். மிதிக்கவில்லை.