இதயத்துக்குள் கதீட்டர்: கையா, காந்தமா?

துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் என்றால், தொடையின் ரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை இதயத்துக்குள் கொண்டுபோய், மின்சாரம் தடம் மாறி ஓடும் இடத்தில் சூடு வைப்பது. அந்தக் குழாயின் நுனியை எப்படித் திருப்புவது என்பதில்தான் போட்டி.

வழக்கமான முறையில் டாக்டரே கையால் தள்ளுகிறார், முறுக்குகிறார். பிடியில் இருக்கும் குமிழை அசைத்தால் உள்ளே ஓடும் கம்பி இழுபட்டு நுனி வளையும். தள்ளுவது தொடைப் பக்கம், திரும்ப வேண்டியது நெஞ்சுக்குள். அதனால் குழாய் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்க வேண்டும்.

காந்த முறையில் நோயாளியின் இருபுறமும் இரண்டு பெரிய நிரந்தரக் காந்தங்கள். நம் சேலம் கஞ்சமலைப் பாறையில் இருக்கும் மேக்னடைட் என்னும் இயற்கைக் காந்தக் கல் அல்ல. நியோடிமியம், இரும்பு, போரான் கலந்தவை. கதீட்டர் நுனியிலும் குட்டிக் காந்தங்கள் உண்டு. வெளியே இருப்பவை திரும்பினால் நுனியும் அந்தத் திசைக்குத் திரும்பிக்கொள்ளும். முன்னே பின்னே நகர்த்துவது மோட்டார். மாட்டை வாலை முறுக்கி ஓட்டுவதற்கும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். காந்தம் என்றதும் பயப்பட வேண்டாம்: ஸ்டீரியோடாக்சிஸ் நிறுவனத்தின் நியோபி என்னும் காந்தக் கருவியில் காந்தப்புலம் சுமார் 0.08 டெஸ்லா, எம்ஆர்ஐ ஸ்கேனில் வழக்கமாக 1.5. பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

காந்தக் கதீட்டர் துவளும் என்பதால் இதயச் சுவரைத் துளைக்கும் அபாயம் மிகக் குறைவு. டாக்டரும் ஈயக் கவசத்தைச் சுமந்துகொண்டு எக்ஸ்ரே பக்கத்திலேயே நிற்காமல், பக்கத்து அறையில் உட்கார்ந்து இயக்கலாம். ஆனால் துவளும் நுனி சுவரில் பலமாக அழுந்தாது. சூடு ஆழமாக இறங்க அழுத்தமும் வேண்டும். நேரமும் பெரும்பாலும் கூடுதலாகிறது. அப்புறம் செலவு: கருவி விலை ஒருபுறம், அதற்கென்றே கவசமிட்ட அறை மறுபுறம்.

கை முறையும் பழைய இடத்திலேயே நிற்கவில்லை. எத்தனை கிராம் அழுத்தம் விழுகிறது என்று காட்டும் சென்சார் இப்போது நுனியிலேயே வருகிறது. திடீரென வந்து திடீரென நிற்கும் படபடப்பில் (எஸ்விடி) அதிகம் காணப்படும் ஏவிஎன்ஆர்டி வகைக்குக் கை முறையிலேயே 95 சதவீதத்துக்கு மேல் வெற்றி. அங்கே காந்தம் வீண் ஆடம்பரம் என்பேன். பிறவிக் கோளாறுக்கு ஆபரேஷன் செய்து உள்ளமைப்பே மாறிப்போன இதயம், கீழறையில் எட்டாத மூலை, இவற்றில்தான் என் ஓட்டு காந்தத்துக்கு. பல வளைவு தாண்டிய பிறகும் நுனி சொன்னபடி கேட்கும்.

இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு இந்தப் போட்டியே பழசாகிவருகிறது. சூட்டுக்குப் பதில் மின்துடிப்பால் செல்களை அழிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு முறை வேகமாகப் பரவுகிறது.

ஆகவே சாதாரண எஸ்விடி உள்ளவர், காந்தம் இருக்கிறது என்பதற்காகச் சேலத்திலிருந்து 340 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டியதில்லை. எங்கே போனாலும், இதே கோளாறுக்கு இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். படபடப்பு வந்த நேரத்தில் எடுத்த ஈசிஜி தாளைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த வகை என்று டாக்டர் முதலில் தேடுவது அதில்தான்.