கேபிளையும் லேப்டாப்பையும் கொண்டுவரச் சொன்ன கடை: ரிச்சி தெருவில் ஒரு கேமரா பழுதுபார்ப்பு அனுபவம்

இணையத்தில் சேலையும் கவரிங் நகையும் விற்பவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பது என் தொழில். கேனான் இஓஎஸ் 1500டி கேமராவை யூஎஸ்பி கேபிள் வழியாக லேப்டாப்போடு இணைத்து, எடுத்த படம் உடனே பெரிய திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டுதான் வேலை செய்வேன். ஜரிகையின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்பதைக் கேமராவின் மூன்று அங்குலத் திரையில் பார்த்துச் சொல்ல முடியாது. சென்ற மாதம் ஒரு நாள் காலையில் அந்த இணைப்பு வேலை செய்யவில்லை. கேபிளைச் செருகினால் விண்டோஸ் வழக்கமாக எழுப்பும் ஓசைகூட வரவில்லை.

முதலில் வீட்டருகே உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். கேமராவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டவர்கள், இரண்டு நாள் கழித்து, போர்டு போய்விட்டது, மாற்ற ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும் என்றார்கள். எந்தக் கேபிளில் இணைத்தேன், எந்தக் கணினியில் இணைத்தேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், சென்னை ரிச்சி தெருவில் மாடியில் இருக்கும் ஒரு சிறிய கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "சார், கேபிள், லேப்டாப் ரெண்டையும் சேர்த்து எடுத்துட்டு வாங்க, வெறும் கேமராவ மட்டும் கொண்டுவந்தா நான் என்னத்தப் பாக்குறது?" என்றார் அங்கிருந்தவர்.

போனதும் அவர் கேமராவைத் தொடவில்லை, கேபிளைத்தான் கையில் எடுத்தார். என் பழைய கேபிளை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் மறந்து விட்டுவிட்டு, வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்த வேறொரு கேபிளைப் பயன்படுத்தியிருந்தேன். முனை அதே மினி பி வகை என்பதால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. அவர் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அதன் நடுவில் பிளேடால் கீறிப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தவை சிவப்பும் கறுப்புமாக இரண்டே கம்பிகள். மின்சாரம் செல்ல அவை போதும். படம் செல்ல வேண்டிய பச்சை, வெள்ளைக் கம்பிகள் அதில் இல்லவே இல்லை. ஏதோ ஒரு டார்ச் விளக்குக்குச் சார்ஜ் போட வந்த கேபிள் அது.

நான்கு கம்பிகளும் உள்ள கேபிளைப் போட்டார், ஒரு துளையைப் பல துளைகளாக்கும் என் யூஎஸ்பி ஹப்பைக் கழற்றிவிட்டு லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகினார், அப்போதும் இணையவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கேமராவில் கேபிள் செருகும் துளையைப் பார்த்தார், ஐந்து ஊசிகளும் நேராக இருந்தன. பிறகு மெனுவைத் திறந்து, "வைஃபை ஓடுதே சார்" என்று சிரித்தார். முந்தைய நாள் ஒரு படத்தைக் கைபேசிக்கு அனுப்புவதற்காக நான்தான் அதை இயக்கியிருந்தேன். இந்த மாடலில் வைஃபை இயக்கத்தில் இருக்கும்வரை யூஎஸ்பி வழியாகக் கணினியோடு இணைய முடியாது. கையேட்டிலேயே இருக்கும் விஷயம். படிக்காதது என் தவறு. அதை அணைத்ததும் லேப்டாப்பில் கேனானின் இணைப்பு மென்பொருளான இஓஎஸ் யுடிலிட்டி தானாகத் திறந்துகொண்டது. கேமரா சிறிது நேரத்தில் தானே உறங்கிவிடும் அமைப்பையும், இணைத்து வேலை செய்யும்போது நிறுத்தி வைக்கச் சொன்னார்.

நான் அங்கே இருந்தபோதே மேக்புக்கோடு ஒரு இளைஞர் வந்தார். மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் கேமரா தெரியவில்லை என்பது அவர் குறை. கேனான் கேமரா பென் டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளாது, படங்களை மாற்றுவதற்கான பிடிபி என்ற முறையில்தான் பேசும், ஆகவே இமேஜ் கேப்சர் செயலியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி, காசு வாங்காமல் அவரை அனுப்பிவிட்டார்.

என்னிடம் புதிய கேபிளுக்கு 250 ரூபாயும், பார்த்ததற்கு 100 ரூபாயும் வாங்கினார். குறை இல்லாமல் இல்லை. ரசீது தரவில்லை, கேபிளுக்கு உத்தரவாதமும் கிடையாது, உட்கார இடமின்றி மாடிப்படியில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. "எதுக்கு சார் கேபிள், ஒரு கார்டு ரீடர் வாங்கிக்கிட்டா வேலை முடிஞ்சுதே" என்று அவர் மூன்று முறை சொன்னதையும் நான் ஏற்கவில்லை. படங்களை மாற்ற மட்டும் என்றால் அவர் சொல்வது முற்றிலும் சரி, வேகமும் கூடுதல், துளையும் தேயாது. ஆனால் எடுக்க எடுக்கத் திரையில் பார்க்க வேண்டிய என் வேலைக்குக் கார்டு ரீடர் உதவாது. பேசி முடிப்பதற்குள் அடுத்தவருடைய லென்ஸைக் கையில் எடுத்துவிட்டார். செல்பவர்கள் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு, கூட்டம் சேரும் முன் காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.