ஆமைக்காக நடப்பதா, முதலைக்காகக் கூட்டுவதா?

"விலங்குகளைத் திரும்ப இயற்கையில் விடுகிற வேலையில் சேர வேண்டும், எங்கே போகலாம்?" என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவையோ கோஸ்டா ரிக்காவையோ மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். சென்னைக்காரருக்கு அவ்வளவு தூரம் தேவையில்லை. ஈசிஆர் சாலையை ஒட்டியே இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான மணலில் நடக்கும் கடலாமை வேலை. மற்றது, மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை.

இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். 1970களின் தொடக்கத்தில் இந்தக் கரையில் ராத்திரி நடந்து ஆமை முட்டை தேடியவர்கள், பாம்புப் பண்ணையை ஆரம்பித்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய கூட்டாளிகளும். அதே விட்டேக்கர் 1976-ல் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். ஆமை நடையை 1988-லிருந்து மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்து நடத்துகிறது. ஆனால் பிள்ளைகள் வளர்ந்த விதம் வேறு.

முதலில் ஆமை. இங்கே வருவது பங்குனி ஆமை. பெயரில் பங்குனி இருந்தாலும் தை மாதமே கரையேற ஆரம்பித்துவிடும். நள்ளிரவை ஒட்டி நடக்கத் தொடங்கி, ஏழு கிலோமீட்டர் போல மணலில் போக வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. டிராக்டர் டயர் ஏறி இறங்கியது போல மணலில் ஒரு தடம் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டே மேலே போய், கழியால் மணலைக் குத்திப் பார்த்து, இளகிய இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஒன்றரை அடி ஆழத்தில் பானை வடிவக் குழி, உள்ளே நூறுக்கு மேல் முட்டைகள். குழியின் ஆழத்தை அளந்துகொண்டு, முட்டைகளை உருட்டாமல் பையில் எடுத்து, பொரிப்பகத்தில், அதாவது முட்டைகளைப் பாதுகாக்க வேலி போட்டு வைத்திருக்கும் மணல் இடத்தில், அதே அளவுக்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். தாமதமாக உருட்டினால் உள்ளே ஒட்டத் தொடங்கிய கரு செத்துப்போகும்.

நான் போன முதல் ராத்திரியில் இதில் எதுவுமே நடக்கவில்லை. திருவான்மியூர் தாண்டி ஒரு செத்த ஆமையைப் பார்த்தோம், அவ்வளவுதான். விடிகாலையில் காலெல்லாம் மணலோடு டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது, கூட வந்தவர்களில் பாதிப் பேர் இனி வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. வார இறுதியில் ஒரு முறை வந்து போகிறவர் பார்வையாளர். அதில் தப்பில்லை. ஆனால் தன்னார்வலர் என்றால் தை முதல் சித்திரை வரை தூக்கத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காசு செலவு அநேகமாக இல்லை.

முதலைப் பண்ணை இதற்கு நேர் எதிர். பகல் வேலை, அங்கேயே தங்கலாம், தங்குவதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். தொட்டி கழுவுவது, தீவனம் வெட்டுவது, இலை கூட்டுவது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திடம் "கல் எறியாதீர்கள், அது பொம்மை இல்லை, உயிரோடுதான் இருக்கிறது" என்று நூறு தடவை சொல்வது. விலங்கைப் பார்க்காமல் திரும்பும் நாளே கிடையாது. நன்னீர் முதலை எப்படி வாயைத் திறந்து வெயில் காய்கிறது, சொம்புமூக்கு முதலையின் ஆணுக்கு மட்டும் மூக்கு நுனியில் அந்தச் சொம்பு எப்படி இருக்கிறது என்று ஆற அமரப் பார்க்கலாம். ஊர்வன படிக்க ஆசைப்படும் மாணவருக்கு ஒரு மாதத்தில் இவ்வளவு கற்றுத்தரும் இடம் தமிழ்நாட்டில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஆனால் கேள்வி "இயற்கையில் திரும்ப விடுவது" பற்றியது அல்லவா? அங்கேதான் முதலைப் பக்கம் சறுக்குகிறது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு முதலைகள் அழியும் நிலைக்கு வந்ததால், 1975-ல் மத்திய அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. முட்டையைப் பொரிக்க வைத்து, குட்டியை வளர்த்து ஆற்றில் விடுவதுதான் யோசனை. வடநெம்மேலி அதில் ஜெயித்தது. கொஞ்சம் அதிகமாகவே ஜெயித்துவிட்டது. விட இடமில்லாமல் போனது. எந்த ஊர் ஏரியில், எந்த ஊர் ஆற்றில் விட்டாலும் அங்கே குளிக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடக் கரையில் முதலை பயத்தோடு வாழ்கிறவரிடம் போய் "இன்னும் நாலு விடட்டுமா?" என்று யார் கேட்பது? பண்ணையில் நெரிசல் மிஞ்சி, 1,000 முதலைகளைக் குஜராத்தில் ஜாம்நகர்க் காப்பகத்துக்கு அனுப்பும் விஷயம் 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆக, இன்று அங்கே சேர்கிறவர் செய்வது பராமரிப்பும் பாடம் சொல்லிக் கொடுப்பதும். மதிப்பான வேலைதான். ஆற்றில் முதலையை விடும் கனவோடு மட்டும் போகாதீர்கள்.

ஆமைக்கு அந்தச் சிக்கல் இல்லை. கடல் பக்கத்திலேயே இருக்கிறது, குஞ்சு பொரித்த அன்றே விட்டுவிடலாம். சரி, அப்படியானால் பொரிப்பகம் மட்டும் குறையில்லாததா? இல்லை. முட்டை இருக்கும் மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். நாம் வேலி போட்ட இடத்தில் புதைக்கும்போது அந்தக் கணக்கிலும் கை வைக்கிறோம். ஆள் நடமாட்டமும் விளக்கும் இல்லாத கரையாக இருந்தால் முட்டையை அது இருக்கும் இடத்திலேயே விடுவதுதான் நல்லது. சென்னைக் கரை அப்படி இல்லை. குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் போகும் பழக்கம் உள்ளவை. இங்கே கடலைவிடச் சாலைதான் பளிச்சென்று இருக்கிறது. நாய்கள் வேறு. அதனால் இந்த ஊருக்குப் பொரிப்பகம்தான் வழி என்பது என் கட்சி.

இன்னொரு கசப்பும் உண்டு. கரையில் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டாலும், முட்டையிட வரும் தாய் ஆமை இழுவை வலையில் மூச்சுமுட்டிச் செத்தால் கணக்கு நேராகாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். இதனால்தான் மீனவ இளைஞர்களையே காவலுக்கு வைத்து வேலை செய்யும் ட்ரீ ஃபவுண்டேஷன் மாதிரியான அமைப்புகள் மேல் எனக்குக் கூடுதல் மரியாதை. படகில் இருப்பவர் நம் பக்கம் இருந்தால் அது பத்து நடைக்குச் சமம்.

ஒரு மாத விடுமுறையும் கையில் கொஞ்சம் பணமும் இருந்து, விலங்கியல் படிக்கும் எண்ணமும் இருந்தால் வடநெம்மேலி போங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே, ஒரு உயிரைக் கடலுக்குள் அனுப்பிவைக்க வேண்டும் என்றால் ஆமை நடைதான். அதிலும் குஞ்சு விடும் சாயங்காலத்துக்கு மட்டும் வந்து கைத்தட்டாமல், மறுநாளும் வாருங்கள். பொரித்து முடிந்த குழியைத் தோண்டி, வெறும் ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் இரண்டு குளியலுக்கும் போகாது. அந்த வேலைக்குத்தான் எப்போதும் ஆள் கிடைப்பதில்லை.