டிரேஸ் அகலம்: மூன்று கால்குலேட்டர், இரண்டே கணக்கு

சர்க்யூட் போர்டில் ஒரு 3.3 வோல்ட் லைனில் 1 ஆம்பியர் ஓட வேண்டும். காப்பர் 1 அவுன்ஸ், அதாவது சுமார் 35 மைக்ரான் தடிமன். சூடு 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. டிரேஸ், அதாவது மின்சாரம் ஓடும் அந்தக் காப்பர் கோடு, எவ்வளவு அகலம் போடுவது?

மின்னணு பாகங்கள் விற்கும் டிஜிகீ தளத்தின் கால்குலேட்டரில் இதைப் போட்டால் வெளி லேயருக்குச் சுமார் 0.30 மி.மீ., உள் லேயருக்கு 0.78 மி.மீ. என்று வரும். சந்தேகம் தீர, போர்டு வரையும் மென்பொருளான கீகேட்டுக்குள்ளேயே இருக்கும் கால்குலேட்டரிலும் போட்டுப் பாருங்கள், அதே விடைதான். இரண்டும் ஒத்துப்போகிறதே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். இரண்டுக்குள்ளும் இருப்பது ஐபிசி-2221 என்ற போர்டு வடிவமைப்புத் தரநிலையின் சூத்திரம். ஒரே சாட்சியை இரண்டு முறை கூண்டில் ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தச் சூத்திரத்தில் தாங்கும் ஆம்பியரைத் தீர்மானிக்கும் மாறிலி வெளி லேயருக்கு 0.048, உள்ளுக்கு 0.024. சரியாகப் பாதி! அளந்து வந்த எண் என்றால் இவ்வளவு அழகாகவா அமையும்? உள்ளே சூடு வெளியேறாது என்ற பழைய பயத்தில் பாதியாக்கியதுதான். 2009இல் வந்த ஐபிசி-2152 என்ற புதிய தரநிலை பலவிதமான போர்டுகளை அளந்து பார்த்தது. அசையாத காற்றைவிட போர்டுப் பொருள் சூட்டை நன்றாகவே கடத்துகிறது. உள் டிரேஸ் அப்படியொன்றும் கொதிப்பதில்லை. இந்தக் கணக்கு வேண்டுமானால் சாட்டர்ன் பிசிபி டூல்கிட். இலவசம்தான், ஆனால் இறக்கி நிறுவ வேண்டும், அதுவும் விண்டோஸில். போர்டு தடிமன், பக்கத்தில் பிளேன் (அகன்ற காப்பர் பரப்பு) உண்டா என்பதையெல்லாம் கேட்கும். முகப்பைப் பார்த்தால் முதலில் கொஞ்சம் மிரட்சியாகத்தான் இருக்கும்.

என் ஓட்டு கீகேட்டுக்கு. சூத்திரத்தைக் கண்முன் காட்டுகிறது. அகலத்தைக் கொடுத்தால் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று திருப்பியும் சொல்கிறது. போனில் சட்டென்று பார்க்க டிஜிகீ போதும். உள் லேயரில் இடம் நெருக்கினால் மட்டும் சாட்டர்னைத் திறப்பேன்.

அப்புறம் ஒன்று. நீளம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். அந்த 0.30 மி.மீ. டிரேஸ் 10 செ.மீ. ஓடினால் 0.16 ஓம், 1 ஆம்பியருக்கு 0.16 வோல்ட் வழியிலேயே போய்விடும். 3.3இல் அது கிட்டத்தட்ட 5 சதவீதம். அகலத்தை 0.8 ஆக்கினால் இழப்பு 0.06 வோல்ட்டாகக் குறையும். சூடு என்னவோ 0.30லேயே அடங்கிவிட்டதுதான்.