ரிச்சி தெருவில் பார்த்த பொருத்தம்

பிளஸ் டூ முடித்திருந்த அக்கா மகனுக்கு விளையாட்டுக் கணினி ஒன்று வாங்கித் தருவதாகத் தொலைபேசியில் கொடுத்திருந்த வாக்கைக் காப்பாற்ற, 2024 மே மாதம் மெல்பர்னிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தபோது இரண்டு நாள்களைச் சென்னைக்கென்று ஒதுக்கினேன். திரையில் தெரியும் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டை மட்டும் மெல்பர்னிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வரலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் கார்டுக்கான வாரண்டியைப் பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டுக்குள் மட்டுமே தருகின்றன. அக்கா வீடு இருக்கும் கும்பகோணத்தில் பழுதாகும் கார்டை மெல்பர்னுக்கு அனுப்பிச் சரிசெய்வது நடக்கிற காரியமில்லை என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டேன். அக்னி நட்சத்திர வெயிலில் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி நானும் அக்கா மகனும் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தோம். மானிட்டர் உட்பட 85,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கல்லூரி நாள்களில் நான் பார்த்த தெரு பெரிதாக மாறிவிடவில்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளிலும் கடைகள் வழிந்து நிற்கின்றன. வாசலிலேயே ஒருவர் வழிமறித்து “என்ன சார் வேணும், லேப்டாப்பா, சிசிடிவியா?” என்று கேட்கிறார். கொட்டேஷன் இன்னமும் ஒரு துண்டுத் தாளில் பேனாவால்தான் எழுதப்படுகிறது. மெல்பர்னில் பாகங்களின் விலை இணையத்திலேயே இருக்கும், பேரத்துக்கு இடமில்லை. கேள்வி கேட்கவும் ஆள் கிடைப்பது அரிது. இங்கே கேள்வி கேட்டால் நாலு பேர் பதில் சொல்கிறார்கள். அந்த நாலு பதிலில் எது நமக்குரியது என்று தெரிந்துகொள்ளும் வேலைதான் நம்மிடம் விடப்படுகிறது.

முதல் கடையில் இருந்தவர் பையனைப் பார்த்ததுமே, “கேமிங்கா? ஐ7 போட்டுடுங்க சார், அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்லை” என்றார். தாளில் அவர் எழுதியது கணினியின் மூளையான பிராசசருக்கு ஐ7 13700எஃப், அதனுடன் 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. பிராசசர் ஏறக்குறைய 33,000 ரூபாய், கார்டு 13,500. பதினாறு கோர்களும் (கணக்குப் போடும் பகுதிகள்) இருபத்துநான்கு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) கொண்ட பிராசசரை, 2019இல் வந்த, தனியாக மின் இணைப்புக்கூடத் தேவைப்படாத 75 வாட் கார்டுடன் கோப்பதில் அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். பெற்றோர் கேட்டு வாங்குவது ஐ5, ஐ7 என்ற பெயரைத்தான். கார்டின் எண்ணை யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கணினியில் பிராசசர் முக்கால்வாசி நேரம் கார்டுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

காரணம் எளிது. திரையில் தோன்றும் ஒவ்வொரு காட்சிச் சட்டத்துக்கும் முதலில் பிராசசர் கணக்குப் போட வேண்டும்: எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற உத்தரவுகளை அது தயாரிக்க, அவற்றை வாங்கிக் கார்டு வரைகிறது. விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமானால், ஒவ்வொரு சட்டத்துக்கும் இருவருக்கும் கிடைப்பது ஏறத்தாழ 7 மில்லிவிநாடி. இருவரில் யார் பிந்தினாலும் மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகையால் பொருத்தம் பார்க்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது மானிட்டர் எது, விளையாட்டு எது என்பதே. 1920க்கு 1080 புள்ளித் திரையிலிருந்து 2560க்கு 1440 திரைக்குப் போனால் கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மடங்காகின்றன, பிராசசரின் வேலையோ அநேகமாக அப்படியே இருக்கிறது. அதனால், ஒரு திரையில் சமமாக இருக்கும் ஜோடி இன்னொரு திரையில் சமமாக இருக்காது.

மருமகன் நண்பர்களோடு விளையாடுவது வாலரண்ட். தனியாக விளையாட ஆசைப்படுவது சைபர்பங்க் 2077. முன்னது பிராசசரையும் பின்னது கார்டையும் பிழிகிற விளையாட்டு என்பதால் இரண்டில் எதையும் அலட்சியப்படுத்த முடியாது. பிராசசர், கார்டு இரண்டில் ஒன்று மற்றதை எவ்வளவு பின்னிழுக்கிறது (பாட்டில்நெக்) என்று சதவீதத்தில் சொல்லும் ஒரு கணிப்பானை அவன் தன் கைபேசியில் காட்டி, “மாமா, இந்த ஜோடிக்குப் பாட்டில்நெக் பதினாலு சதவீதம்னு போட்டிருக்கு” என்று கவலைப்பட்டான். எந்த விளையாட்டு, எந்தத் திரை, எந்த அமைப்பில் என்று சொல்லாத சதவீதத்துக்கு ஜாதகத்தில் நட்சத்திரம் போடாமல் பொருத்தம் பார்த்த மதிப்புதான் என்று சொல்லிக் கைபேசியை உள்ளே வைக்கச் சொன்னேன்.

நான் மனத்தில் வைத்திருந்தது 1080 புள்ளி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கார்டும் ஆறு கோர் ரைசன் 5 5600 பிராசசரும். கார்டு 29,000, பிராசசர் 11,500. முதல் கடைக்காரர் எழுதிய ஜோடியைவிடச் சில ஆயிரம் குறைவு. ஐ5 12400எஃப் எடுத்திருந்தாலும் இதே நிலைதான்; எங்களுக்குத் தோதான விலையில், பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டு கிடைத்தது ரைசனுக்கு என்பது மட்டுமே வேறுபாடு.

இரண்டாவது கடையில் இந்தப் பட்டியலைக் கொடுத்தபோது “எல்லாம் ஸ்டாக் இருக்கு சார்” என்று உடனே எடுத்து மேசையில் அடுக்கினார்கள். பிராசசர் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 5600க்குப் பின்னால் ஒரு ‘ஜி’ இருந்தது. கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதான் சார், இதுல டிஸ்பிளேயும் உள்ளேயே இருக்கு, கூடுதல் வசதி” என்றார் கடைப் பையன். இரண்டும் ஒன்றல்ல. ஜி வகையில், பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பிதான். கார்டோடு அது பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் இணைப்புப் பாதையில், நான்காம் தலைமுறைக்குப் பதில் மூன்றாம் தலைமுறை வேகத்தில். ஆர்டிஎக்ஸ் 4060 அந்தப் பாதையில் எட்டுத் தடங்களை மட்டுமே பயன்படுத்தும் கார்டு. தடம் பதினாறாக இருந்தால் மூன்றாம் தலைமுறை பெரிய நஷ்டமில்லை. எட்டில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 16 ஜிபியிலிருந்து 8 ஜிபியாகப் பாதியாகும், கார்டின் 8 ஜிபி நினைவகம் நிரம்பும் நேரத்தில் அது ஆட்டத்தில் திக்கலாகத் தெரியும். அவர்கள் எடுத்து வைத்த ஏ520 மதர்போர்டுக்கும் இதே குறை உண்டு. நான் எழுதிக் கொடுத்தது பி550. தற்காலிக நினைவகமான ரேமும் 8 ஜிபி இரண்டுக்குப் பதில் 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தது. இரண்டு குச்சிகளும் சேர்ந்து இயங்கும் இரட்டைச் சேனல் இல்லாவிட்டால் முதலில் மூச்சு வாங்குவது பிராசசர்தான். இவற்றில் எதையும் அவர்கள் மறைக்கவில்லை, விலையும் கூட்டவில்லை. கையில் இருந்ததை எடுத்துத் தந்தார்கள், அவ்வளவே. ஆனால் பெட்டியின் ஓரத்தைப் படிக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால், நல்ல கார்டு வாங்கியும் ஏன் திக்குகிறது என்று ஆறு மாதம் தேடியிருப்போம்.

மூன்றாவதாகப் போன, மாடியில் இருந்த சிறிய கடையில்தான் கேட்டது கேட்டபடி கிடைத்தது. பில் வேண்டாமென்றால் விலை குறையும் என்று இரண்டு இடங்களில் காதில் போட்டிருந்தார்கள்; வாரண்டிக்குப் பில்தான் ஆதாரம் என்பதால் 18 சதவீத ஜிஎஸ்டியுடன், ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதிய பில்லையே வாங்கினேன். மொத்தம் 79,000 சொச்சம். அசெம்பிள் கூலி ஆயிரம் ரூபாய்.

கோத்துக் கொடுத்தவருக்கு முப்பது வயது இருக்கும். காற்றாடி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்த அறையில், நெற்றி வியர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டே வேலை செய்தார். பிராசசரை உட்கார வைக்குமுன் முக்கோணக் குறியை மருமகனுக்குக் காட்டி, “தம்பி, அழுத்தவே கூடாது, தானா விழணும்” என்றார். மின்சாரம் தரும் 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் கம்பிகளை அவர் கேபினட்டின் பின்பக்கம் வழியாகக் கட்டிய நேர்த்தியை மெல்பர்னில் மூன்று மடங்கு கூலி வாங்கியவர்களிடம்கூட நான் கண்டதில்லை. ரேமின் வேகத்தை, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோசில் 3200க்கு மாற்றுவதை மட்டும் மறந்திருந்தார். நினைவூட்டியதும் சிரித்துக்கொண்டே செய்தார்.

நான் கேட்டுக்கொண்டதற்காகச் சோதனையும் ஓட்டிக் காட்டினார். சைபர்பங்க்கில் கார்டு 98 சதவீத உழைப்பில் இருந்தது. நாங்கள் விரும்பியதும் அதுவே. வாலரண்ட்டில் கார்டு அறுபதைத் தாண்டவில்லை, பிராசசரும் முப்பத்தைந்துதான் காட்டியது. “ரெண்டுமே சும்மா இருக்கே, மாமா?” என்றான் மருமகன். பன்னிரண்டு த்ரெட்களின் சராசரி அது. ஒரே ஒரு த்ரெட் மூச்சுவிடாமல் உழைத்தாலும் சராசரியில் எட்டு சதவீதமாகத்தான் தெரியும் என்று விளக்கினேன். அங்கே கடிவாளம் பிராசசரிடம் இருந்தாலும், சட்டங்கள் 144ஐ எளிதாகத் தாண்டியதால் எங்களுக்கு நஷ்டமில்லை.

ரயில் குலுக்கலில் கார்டின் கனம் அதன் சொருகியை உடைத்துவிடும் என்று சொல்லி, கார்டைக் கழற்றித் தனிப் பெட்டியில் வைத்து அனுப்பினார். அன்று இரவே எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். மறுநாள் வீட்டில் நானே கார்டைப் பொருத்தி இயக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது. “இவ்ளோ பணத்தைக் கொட்டி இதைத்தான் வாங்கிட்டு வந்தியா?” என்றாள் அக்கா. அரைமணி நேரம் வியர்த்த பிறகுதான், மானிட்டர் கம்பியைப் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகியிருப்பது தெரிந்தது. ‘ஜி’ இல்லாத 5600இல் படம் காட்டும் பகுதியே கிடையாது. கம்பியைக் கார்டுக்கு மாற்றியதும் படம் வந்தது. திரை அமைப்பைத் திறந்து பார்த்தால் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருந்தது. அதை 144க்கு மருமகனே மாற்றினான்.