வாடகை வீடு மோசடி: வீட்ட செக் பண்றது போதுமா, ஆள செக் பண்ணணுமா?

ஆன்லைன்ல வீடு தேடுற எல்லாரும் மொதல்ல கேக்குறது இந்த வீடு நிஜமாவே இருக்கான்னுதான். ஆனா நிறைய மோசடியில வீடு நிஜமாவே இருக்கும், அதுதான் பிரச்சனையே. யாரோ ஒருத்தர் விக்கறதுக்கோ வாடகைக்கோ போட்ட உண்மையான விளம்பரத்துல இருந்து போட்டோ, அட்ரஸ், விவரம் எல்லாத்தையும் அப்படியே எடுத்து, போன் நம்பர மட்டும் மாத்தி, வாடகைய கொஞ்சம் கம்மி பண்ணி வேற சைட்ல போட்டுடுவான். இங்க பொய் வீடு இல்ல, ஓனர்னு சொல்லிட்டு பேசுறானே அந்த ஆளு. அதனால நாம செக் பண்ற வழிகள ஒண்ணோட ஒண்ணு வச்சு பாப்போம், எது வீட்டோட நின்னுடுது, எது ஆள் வரைக்கும் போகுதுன்னு.

போட்டோவ தேடி பாக்கறது ரொம்ப ஈசி. கூகுள் லென்ஸ்லயோ டின்ஐ (TinEye)ங்கற படம் தேடுற சைட்லயோ போட்டோவ போட்டா அதே படம் வேற எங்க வந்திருக்குன்னு காட்டும். அதே ஹால், அதே சோபா, ஆனா விற்பனை விளம்பரத்துல வேற பேர் வேற நம்பரோட இருந்தா அங்கயே முடிச்சிக்கலாம். விளம்பரத்துல எழுதியிருக்கற ஒரு வரிய மேற்கோள் குறிக்குள்ள போட்டும் தேடுங்க, நிறைய பேர் அந்த எழுத்தயும் மாத்தாம காப்பி அடிப்பாங்க. ஆனா ஒண்ணும் கிடைக்கலன்னா ஆள் நல்லவன்னு அர்த்தம் இல்ல, படத்த இடவலமா திருப்பியோ ஓரத்த வெட்டியோ போட்டா தேடல்ல சிக்காம போகலாம், இப்போ ஏஐ வேற வீட்டோட உள்பக்க படத்த சும்மாவே வரைஞ்சு குடுக்குது. மாட்டினா உபயோகம், மாட்டலன்னா பூஜ்யம், அவ்ளோதான் இதோட பலம். கூகுள் மேப்ல தெருவ படமா காட்டுற ஸ்ட்ரீட் வியூவும் இதே ரகம், போட்டோல பால்கனி இருந்து அந்த அட்ரஸ்ல இருக்கற கட்டிடத்துல பால்கனியே இல்லன்னா தெரிஞ்சுடும், அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாது.

அடுத்து வீடியோ கால். வெளியூர்ல இருந்து வீடு தேடுறவங்களுக்கு வேற வழியே இல்லாதப்போ இதுதான் துணை. வீடியோ அனுப்புறேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க, அது யார் எடுத்ததுன்னே தெரியாது, லைவ் கால்தான் வேணும். அந்த கால்லயும் அவங்க காட்டுறத மட்டும் பாத்துட்டு இருக்காம நாம கேக்கணும், கிச்சன் குழாய திறங்க, அந்த ஜன்னல திறந்து வெளிய காட்டுங்க, அப்படியே வாசலுக்கு வந்து கதவு நம்பர காட்டிட்டு ரோட்டுக்கு நடங்கன்னு. உள்ளயே இல்லாத ஆளு நெட் சரியில்லம்பான், வேற ஆள் குடியிருக்காங்க இப்ப முடியாதும்பான், இல்ல நான் வெளிநாட்ல இருக்கேன் பணம் போட்டா சாவிய கூரியர்ல அனுப்புறேம்பான். அந்த கடைசி வசனம் வந்தா அதோட போன வச்சிடுங்க.

நேர்ல போய் பாத்துட்டா பயமே இல்லன்னு நிறைய பேர் நம்புறாங்க, எனக்கு அதிகமா கவலை தர்றது இதுதான். நேர்ல போறது போட்டோவ விட, வீடியோ கால விட பல மடங்கு மேல, அதுல சந்தேகமே இல்ல. ஆனா கதவ திறந்து விட்டவன் ஓனர்னு அது நிரூபிக்காது. சில நாளுக்கு வாடகைக்கு எடுத்த வீட்ட தன்னோடதுன்னு சொல்லி ஒரே நாள்ல வரிசையா ஆள வரவச்சு காட்டி எல்லார்கிட்டயும் அட்வான்ஸ் வாங்கிட்டு போறவன் இருக்கான், காலி பண்ணப் போற குடித்தனக்காரரே ஓனர் மாதிரி பேசி பணம் வாங்கறதும் நடக்குது. சாமான் வண்டியோட போய் நிக்கறப்பதான் இன்னொரு குடும்பமும் அதே வாசல்ல மூட்டையோட நிக்கறது தெரியும்.

அதனால உள்ள போனா சுவர் ஈரத்த மட்டும் பாக்காதீங்க. ஃப்ரிட்ஜ் மேலயோ கதவு பின்னாடியோ வைஃபை பாஸ்வேர்டும் எத்தன மணிக்கு காலி பண்ணணும்ங்கற குறிப்பும் ஒட்டியிருக்கா, பாத்ரூம்ல குட்டி குட்டி சோப்பு, அலமாரில ஒரே மாதிரி டவல் அடுக்கியிருக்கா, ஆனா யாரோட துணியும் இல்லயா, வாசல்ல நம்பர் போட்டு திறக்கற சாவிப் பெட்டி தொங்குதா? இதெல்லாம் நாள் வாடகைக்கு விடற வீட்டோட அடையாளம். ஓனரே அப்படி விட்டுட்டு இருந்து இப்ப மாச வாடகைக்கு மாத்தலாம்தான், ஆனா அத நீங்க கேட்டு சரிபாக்கணும். அப்புறம் அந்த ஆளு கிளம்பினதும் பக்கத்து வீட்டு கதவ தட்டி இந்த வீடு யாரோடதுன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க, காசே இல்லாம ஆளப் பத்தி நிஜமா தெரிய வர்ற ஈசியான வழி இது.

டாகுமெண்ட்ல ரெண்டு வகை இருக்கு, ரெண்டயும் ஒண்ணா நினைக்கறதுதான் ஏமாற வைக்குது. அவங்க அனுப்புற அடையாள அட்டை போட்டோ, பத்திர பிடிஎஃப் இதுக்கெல்லாம் மதிப்பே கிடையாது, அந்த அட்டை இதுக்கு முன்னாடி ஏமாந்த ஒருத்தர் நம்பி அனுப்புனதாவே இருக்கலாம். நாளைக்கு உங்க அட்டையும் அப்படித்தான் சுத்தும், அதனால வீட்ட பாக்கறதுக்கு முன்னாடியே உங்க அடையாள அட்டை, சம்பள சீட்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டா குடுக்காதீங்க. இன்னொரு வகை நாமளே போய் எடுக்கறது. சொத்து பதிவு விவரத்தயோ வரி விவரத்தயோ யார் வேணா பாக்கற மாதிரி பல நாட்டுல வச்சிருக்காங்க, சில இடத்துல சின்ன கட்டணம் கட்டணும். அதுல இருக்கற பேர், அக்ரிமெண்ட்ல இருக்கற பேர், பணம் போகப்போற அக்கவுண்ட் பேர், மூணும் ஒத்துப் போகணும். தம்பி அக்கவுண்ட்ல போடுங்க, மேனேஜர் அக்கவுண்ட்ல போடுங்கன்னா பதிவுல பேர் இருக்கற ஓனர்கிட்ட நேரா பேசாம ஒரு பைசா நகரக்கூடாது. என்ன கேட்டா இத்தன வழியிலயும் இந்த பேர் பொருத்தத்துக்குதான் மொதல் இடம் குடுப்பேன், நேர்ல பாக்கறது கூட ரெண்டாவதுதான்.

பணம் குடுக்கற வழியும் ஒண்ணு மாதிரி ஒண்ணு கிடையாது. கிஃப்ட் கார்டு, கிரிப்டோ, வெஸ்டர்ன் யூனியன் மாதிரி பண அனுப்பல், இதுல எதுல கேட்டாலும் பேச்ச நிறுத்திடுங்க, ஏன்னா எதிர் பக்கம் பணத்த எடுத்துட்டா திரும்ப வாங்கறது நடக்காத காரியம். பேங்க் ட்ரான்ஸ்ஃபர்ல ஆள் பேராவது பதிவாகும், ஆனா அதுவும் போனா போனதுதான்னு வச்சுக்கோங்க. கிரெடிட் கார்டுல போட்டா பேங்க்ல புகார் குடுத்து திரும்ப கேக்க ஒரு வாய்ப்பு இருக்கு. கொஞ்ச நாள் வாடகைக்குன்னா ஏர்பிஎன்பி மாதிரி சைட் பணத்த தன்கிட்டயே வச்சிருந்து பொதுவா நாம உள்ள போய் 24 மணி நேரம் கழிச்சுதான் ஓனருக்கு விடும். அதனாலதான் மோசடிக்காரன் சைட்ட விட்டு வெளிய வாங்க டிஸ்கவுண்ட் தர்றேன்னு கூப்பிடுறான், இல்ல அதே சைட் மாதிரி போலியா ஒரு பக்கம் செஞ்சு லிங்க் அனுப்புறான். சைட்ல போகணும்னா அட்ரஸ நீங்களே டைப் பண்ணி போங்க.

ஒருவேளை ஏற்கனவே பணம் போயிடுச்சுன்னா வெக்கப்பட்டு ரெண்டு நாள் யோசிக்காதீங்க ப்ளீஸ், அந்த நேரத்துலதான் பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்கு ஓடிடுது. உடனே பேங்க்குக்கு போன், அப்புறம் போலீஸ், அப்புறம் விளம்பரம் வந்த சைட்டுக்கு ரிப்போர்ட். சாட், நம்பர், விளம்பர பக்கம் எல்லாத்தயும் அவன் அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருங்க. எந்த வீட்டோட போட்டோவ அவன் திருடி போட்டானோ அந்த வீட்டோட நிஜ ஓனர கண்டுபிடிக்க முடிஞ்சா அவருக்கும் ஒரு தகவல் சொல்லுங்க, தன் வீட்ட வேற யாரோ வாடகைக்கு விட்டுட்டு இருக்கறது அவருக்கே தெரிஞ்சிருக்காது.