ஆட்சியைப் பிடித்த கட்சியும் ஆட்சி பெற்றெடுத்த கட்சியும்

ஹங்கேரியின் ஃபிடெஸ், ரஷ்யாவின் ஐக்கிய ரஷ்யா. கம்யூனிச ஆட்சி சரிந்த நாடுகளில் வேரூன்றிய பெரிய கட்சிகள் என்று பேச்சு வந்தால் இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஃபிடெஸ் 1988 மார்ச்சில் புடாபெஸ்டில் மாணவர்கள் தொடங்கிய அமைப்பு. ஆரம்பத்தில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அதில் இடமே கிடையாது. 1989 ஜூன் 16 அன்று, 1956இன் சோவியத் எதிர்ப்பு எழுச்சிக்காகத் தூக்கிலிடப்பட்ட பிரதமர் இம்ரே நாஜின் உடலை மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். அன்றைக்கு ஃபிடெஸை நிறுவியவர்களில் ஒருவரான 26 வயது விக்டர் ஓர்பான் மேடையேறி, சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்றார். 1998இல் ஆட்சியைப் பிடித்தார்கள். 2002இலும் 2006இலும் தோற்றார்கள். தோல்வி எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த கட்சி அது.

ஐக்கிய ரஷ்யா எதிர்க்கட்சி வரிசையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. 2001 டிசம்பரில் அது உருவானபோதே புடின் அதிபர். ரஷ்யர்கள் இதை 'அதிகாரத்தின் கட்சி' என்பார்கள். 2008 முதல் 2012 வரை புடின் அதற்குத் தலைவர், ஆனால் உறுப்பினர் இல்லை! 2018, 2024 அதிபர் தேர்தல்களில் சுயேச்சையாகவே நின்றார். 2021 நாடாளுமன்றத் தேர்தலில் வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவும் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஷோய்குவும் கட்சிப் பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். ஜெயித்த பிறகு இடத்தை எடுத்துக்கொள்ளாமல் அமைச்சர்களாகவே தொடர்ந்தார்கள். இப்படிப் பெயரை மட்டும் தருபவர்களுக்கு அங்கே 'ரயில் எஞ்சின்' என்று பெயர். பெட்டிகளை இழுத்து வந்து சேர்த்தால் போதும், எஞ்சின் திரும்பிவிடும்.

ஹங்கேரியில் கதை நுணுக்கமானது. 2010இல் ஃபிடெஸ் கூட்டணிக்குச் சுமார் 53 சதவீத வாக்கில் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் கிடைத்தன. அங்கே அரசியலமைப்பை மாற்ற அதுவே போதும். அடுத்த வருடமே புதிய அரசியலமைப்பு வந்தது. நீதிபதிகளின் ஓய்வு வயதை 70இலிருந்து 62ஆகக் குறைத்தார்கள். 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது தவறு என்றது. அதற்குள் பல நாற்காலிகள் கைமாறிவிட்டன.

தேர்தல் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். அங்கே தொகுதி இடங்கள் போக, கட்சிப் பட்டியலில் சேரும் வாக்குக்கு ஏற்பவும் இடங்கள் உண்டு. ஒரு தொகுதியில் ஒருவர் 20,000 வாக்கும் அடுத்தவர் 15,000 வாக்கும் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோற்றவரின் வாக்கு அவர் கட்சியின் பட்டியலுக்குப் போவது பழைய ஏற்பாடு. புதிய சட்டத்தில், ஜெயிக்கத் தேவைப்பட்டது போக மிஞ்சிய 4,999 வாக்கும் ஜெயித்த கட்சியின் பட்டியலில் சேரும். தொகுதியும் கிடைக்கும், அதற்கு மேல் போனஸும் கிடைக்கும். 2014இல் சுமார் 45 சதவீத வாக்கு, 199இல் 133 இடம். மறுபடியும் மூன்றில் இரண்டு!

போலந்தின் 'சட்டம் மற்றும் நீதி' கட்சிக்கு இந்த வாய்ப்பு இல்லை. 2015இல் பெரும்பான்மை கிடைத்தும் அரசியலமைப்பைத் தொட முடியவில்லை. 2023இல் முதலிடம் வந்தும் ஆட்சி போனது.

எது ஆபத்தானது? அடக்குமுறையில் ரஷ்யாதான், சந்தேகமே இல்லை. ஆனால் கட்சி என்று பார்த்தால் ஐக்கிய ரஷ்யா உள்ளே வெற்றிடம். 2019 மாஸ்கோ நகரமன்றத் தேர்தலில் எதிர்ப்பாளர்கள் பலரின் மனுக்கள் தள்ளுபடி ஆயின. அப்படியும் ஐக்கிய ரஷ்யாவின் ஆட்கள் கட்சிப் பெயரை மறைத்துச் சுயேச்சைகளாகவே நின்றார்கள். 45இல் 20 இடங்கள் கைவிட்டுப் போயின.

நாற்காலியில் இருப்பவர் மாறினால் இப்படிப்பட்ட கட்சியும் கூடவே ஆளை மாற்றிக்கொள்ளும். கஜகஸ்தானில் அதைப் பார்த்தோம். முன்னாள் அதிபர் நசர்பாயெவின் நூர் ஓத்தான் கட்சி 2022 ஜனவரிக் கலவரத்துக்குப் பின் அவருக்கு அடுத்து அதிபரான தோகாயெவ் கைக்குப் போய், மார்ச்சில் அமனாத் என்று பெயர் மாறியது. ஃபிடெஸ் எழுதிவைத்த முக்கியச் சட்டங்களோ அப்படி மாறுவதில்லை. அடுத்து வருபவர் யாராக இருந்தாலும், அவற்றைத் திருத்த அவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் வேண்டும்.